ஊதுங்க... நல்லா ஊதுங்க!

"சிகரெட் பிடிப்பீங்களாம்மா?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'பொழுது விடியறதுக்குள்ள கிளப்பி, ரெண்டு பஸ் மாத்தி தஞ்சாவூருக்குக் கூட்டியாந்து, கடைசியில இந்த ஆளுகிட்டயா காட்டறே?' என்று அதற்கு அர்த்தம்.

"சரி, வீட்ல என்ன அடுப்பு?"

"வெறகடுப்பு."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து. நாப்பது வருஷம் இருக்கும்."

டாக்டர் ஒரு குழாயை நீட்டினார். மறுமுனை ஒரு மெஷினில் மாட்டியிருந்தது. மூச்சை நன்றாக இழுத்து ஒரே தம்மில் ஊத வேண்டுமாம். "ஊதுங்க... ஊதுங்க... விட்றாதீங்க... இன்னும் ஊதுங்க!" என்று கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி உற்சாகப்படுத்தினார். அம்மா ஊதினாள். பாதியில் இருமல் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாப்பது வருஷமா ஊதிக்கிட்டுத்தான் சாமி இருக்கேன்."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் மெஷினிலிருந்து காகிதம் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நானும் நிறுத்தினேன்.

பீடி வாசனையே ஆகாத என் அம்மாவுக்கு, முப்பது வருஷம் புகை பிடித்தவரின் மூச்சுக்குழாய். நெஞ்சில் இழுத்துக்கொள்ள ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். "மருந்து பாதிதான். மீதி பாதி உங்க அடுப்பு. அதை மாத்துங்க" என்றார். இது 2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம்.

பஸ்ஸில் வரும்போதே தீர்ப்பை அறிவித்துவிட்டேன். "நாளைக்கு மொத வேலை, அந்த அடுப்பை இடிக்கறேன்."

"இடி. இடிச்சுட்டு நீ மெட்ராஸ் போ. நான் அடுத்த நாள் மண்ணு குழைச்சுக் கட்டிக்கறேன்."

வீட்டில் காஸ் இல்லாமல் இல்லை. 2007 வாக்கில் தமிழக அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்ததே, அந்த அடுப்பு இருக்கிறது. பூ வேலை செய்த துணி போட்டு மூடி, டி.வி.க்கு அடுத்த மரியாதையுடன் இருக்கிறது. விருந்தாளிக்குக் காபி போட மட்டும் துணியை எடுப்பாள். ஒரு சிலிண்டர் எட்டு மாதம் வரும். இதை ஊர் முழுக்கப் பெருமையாக வேறு சொல்லுவாள்.

அம்மா கட்சியிலும் நியாயம் இருக்கிறது. தோப்பில் தென்னை மட்டை விழுகிறது, பாளை விழுகிறது, கொட்டாங்கச்சி குவிகிறது. வேலியில் சீமைக் கருவேலம் வெட்ட வெட்ட முளைக்கிறது. "இதையெல்லாம் மக்க விட்டுட்டு, காசு குடுத்து காஸ் வாங்கச் சொல்றியா? நீ பி.காம். படிச்சவன்தானே?" என்றாள். படிப்பைப் பற்றிப் பேசினால் நான் வழக்கமாகவே அடங்கிவிடுவேன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். குழம்பு, பொரியல், காபி எல்லாம் காஸில். சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகில். ஆனால் விறகடுப்பு சமையலறையை விட்டு, கொல்லைப் பக்கம் கீற்றுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். அம்மா ஒரு ஷரத்து சேர்த்தாள்: "பொகை இல்லாம எரிக்க முடியும்கறியே, அதை மொதல்ல நீ எரிச்சுக் காட்டு."

சவால்! நமக்கென்ன, தீக்குச்சியைக் கிழித்தால் எரிகிறது என்றுதான் நினைத்தேன். பிள்ளைப் பருவத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை இட்லி சாப்பிட்டிருக்கிறேன்!

கொட்டகையில் மூன்று குமிழ் வைத்த மண் அடுப்பு தயாராயிற்று. கட்டியது பக்கத்து வீட்டுச் சின்னம்மா. பத்து லிட்டர் தண்ணீர் பிடித்த பானையை ஏற்றினேன். அடுப்பு வாய் கொள்ளும் மட்டும் கட்டை கட்டையாக விறகைத் திணித்தேன். (வண்டிக்கு ஃபுல் டேங்க் போட்டுப் பழகிய கை.) என் கட்டுரை வந்திருந்த பழைய இதழ் ஒன்றைச் சுருட்டிப் பற்ற வைத்தேன். அது நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் விறகின் மனதை அது தொடவில்லை. வாசகர்கள் கதியும் இப்படித்தானோ என்னவோ.

பத்து நிமிஷத்தில் கொட்டகையே தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது: "ஏன் தம்பி, கொசுவுக்கா பொகை போடறே?"

நான் விடவில்லை. குனிந்து ஊதினேன். ஊதுங்க... இன்னும் ஊதுங்க... திடீரென்று உள்ளே 'புப்' என்று ஒரு சத்தம். அடுப்பு வாயில் சுருண்டு கொண்டிருந்த வெள்ளைப் புகை அத்தனையும் ஒரே நொடியில் தீயாக மாறி என் முகத்தைத் தடவிவிட்டுப் போயிற்று. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது புருவம் மட்டும் பாதி காணோம். அடுத்த வாரம் சென்னையில் எல்லாரும் 'புது ஸ்டைலா?' என்று கேட்டார்கள்.

ஆனால் அந்த அரைப் புருவத்துக்கு நான் ஒரு பாடம் வாங்கினேன். புகை எரிகிறது, ஸார்! நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே விரட்டுகிற அந்தப் புகைதான் விறகின் சரக்கே.

அதற்கப்புறம் புத்தகங்களில் தேடிப் படித்தேன். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூட்டில் ஆவியாகவும் வாயுவாகவும் வெளியே வந்துவிடும். மிச்சம்தான் கரியாக, தணலாக நின்று எரிவது. ஆக, விறகு என்பது பாக்கெட்டில் அடைத்த காஸ். அந்த வாயுவுக்குக் காற்றும் போதுமான சூடும் (சுமார் அறுநூறு டிகிரி) கிடைத்தால் ஜ்வாலை. இரண்டில் ஒன்று குறைந்தால் புகை. கொஞ்சம் நம் கண்ணுக்கு, கொஞ்சம் நுரையீரலுக்கு, மீதி பானை அடியில் கரியாக. புகைகிற அடுப்பும், வால்வைத் திறந்துவிட்டுத் தீக்குச்சி கிழிக்காத காஸ் அடுப்பும் ஒரே கேஸ்தான்.

இதைச் சின்னம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "அதான் தெரியுமே" என்றாள். "பொகைஞ்சா வெறகு ஜாஸ்தி புடிக்கும்."

அன்றிலிருந்து அவள் குரு, நான் சிஷ்யன். ஃபீஸ் கிடையாது, திட்டு உண்டு.

முதல் நாள் வகுப்பில் அடுப்பிலிருந்த விறகில் முக்கால்வாசியை வெளியே இழுத்துப் போட்டாள். "வாயில சோத்தை அமுக்கிட்டு மூச்சு விடச் சொன்னா விடுவியா?" அடுப்பு வாயில் பாதி விறகுக்கு, பாதி காற்றுக்கு. கட்டை விரல் தடிமனில் பிளந்த விறகு மூன்று நான்கு போதும். அவை ஒன்றோடொன்று ஒட்டியும் இருக்கக் கூடாது, விலகியும் இருக்கக் கூடாது. ஒற்றை விறகு தனியாக எரியாது, அணைந்துவிடும். இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று எரியும். (கல்யாணமாகாத வாசகர்கள் கவனிக்கவும்.)

பற்ற வைப்பதற்கு அவள் கொண்டு வந்தது பன்னாடை. நானும் சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் என்னைப் பார்த்துச் சொல்லித்தான். தென்னை மட்டையின் அடியில் சல்லடைத் துணி மாதிரி சுற்றியிருக்குமே, அதுதான் அசல் பன்னாடை. காய்ந்த பன்னாடை ஒரு தீக்குச்சியில் பற்றும். அதன் மேல் சுள்ளி, சுள்ளி பிடித்த பிறகு பாளைக் கீற்று, அப்புறம்தான் விறகு. கட்டையைப் போட்டுவிட்டு அடியில் காகிதம் கொளுத்துவது, கிளார்க்கைப் பார்க்காமல் நேரே கலெக்டரைப் பார்க்கிற மாதிரி. வேலை நடக்காது.

அடுத்தது சாம்பல். பழைய அடுப்பில் இரண்டு வாரச் சாம்பல் மெத்தை மாதிரி கிடந்தது. விறகு அதில் புதைந்து படுத்தால் அடியில் காற்று எங்கே போகும்? இந்த இடத்தில் நான் குருவை மிஞ்சினேன். வீடு கட்டி மிச்சமான கம்பியில் நான்கு துண்டு வெட்டி, இரண்டு ஓட்டுச் சில்லின் மேல் குறுக்கே அடுக்கி, அதன் மேல் விறகை வைத்தேன். அடியில் மூன்று விரல் இடைவெளி. காற்று அடியிலிருந்து ஏறியது. தீ நிமிர்ந்து நின்றது. ஊதுகுழலைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "கம்பி உருகிடாதா?" என்றாள். "உருகாது" என்றேன். மறுநாள், "உங்கிட்ட இன்னும் நாலு கம்பி இருக்கா?" என்றாள். என் எழுத்து வாழ்க்கையில் இதுவரை கிடைத்த பெரிய விருது அதுதான்.

இனி கொஞ்சம் கணக்கு. பி.காமுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

ஒரு தூக்குத் தராசு வாங்கினேன், கொக்கி மாட்டியது, டிஜிட்டல். முதல் நாள் நான் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆன விறகு 2 கிலோ 600 கிராம். நேரம், ஐம்பது நிமிஷம். அந்தத் தண்ணீருக்கு ஏறிய சூடு மூன்று மெகாஜூல். விறகில் இருந்ததோ கிலோவுக்குப் பதினைந்து என்று வைத்தால் முப்பத்தொன்பது. ஆக, நூறு ரூபாய் போட்டு எட்டு ரூபாய் எடுத்திருக்கிறேன். மீதி 92 ரூபாய் கொட்டகைக்கும் ஆகாயத்துக்கும் என் கண்ணுக்கும்! மூன்று கல் அடுப்புக்கே சாதாரணமாகப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கிடைக்கும் என்பார்கள். நான் கற்காலத்துக்கும் பின்னால் இருந்தேன்.

அதில் என் திறமைக் குறைவு பாதி என்றால், விறகின் ஈரம் மீதி. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கடையில் விறகை எடை போட்டு விற்கிறார்கள் அல்லவா? ஈர விறகு வாங்குகிறவர், பால்காரரிடம் தண்ணீர் வாங்குவதைவிடப் பெரிய அளவில் தண்ணீர் வாங்குகிறார். அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஆகும் சூடுகூடப் பெரிய நஷ்டம் இல்லை. அது நெருப்பைக் குளிர வைத்துவிடுகிறது. குளிர்ந்த நெருப்பில் வாயு பற்றாது. பற்றாத வாயு... புகை.

இது புரிந்தபோது எனக்கு 2018-ம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சீப்பால் வாரிய தலை மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டன. எங்கள் தோப்பில் அறுபது மரத்தில் பதினொன்று நின்றது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நான் மூன்றாம் நாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசல் முழுக்க மரம். வேம்பு, புளி, மா, தென்னை... ஆயுசுக்கும் விறகுக்குப் பஞ்சமில்லை என்று அம்மாவிடம் ஜோக் அடித்தேன்.

எரிய ஒரு குச்சி இல்லை. அத்தனையும் பச்சை மரம், மேலே மழை வேறு. விறகு அடுக்கி வைத்திருந்த கொட்டகை பறந்துவிட்டது. காஸ் சிலிண்டர் வரும் பாதையில் மரம் கிடந்தது. அம்மா அந்தப் பச்சை விறகைப் பிளந்து, வீட்டுக்குள்ளே அடுப்பில் வைத்து, ஒரு மாதத்துக்கு மேல் ஊதி ஊதிச் சமைத்தாள். எனக்கும் சமைத்தாள், மரம் அறுக்க வந்தவர்களுக்கும் சமைத்தாள். நான் நான்கு நாள் இருந்தேன். புகை தாங்காமல் திண்ணையில்தான் சாப்பிட்டேன். உள்ளே அவள் இருமுவது கேட்டது. 'மழையில நனைஞ்சதால சளி' என்று நினைத்து, சென்னைக்கு வந்ததும் ஒரு டானிக் வாங்கி கூரியரில் அனுப்பி வைத்தேன்.

ஆறு வருஷம் கழித்து அந்த மெஷின் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் டானிக் ஞாபகம் வந்தது.

சரி. விறகைக் காய வைப்பதற்கு வருவோம். மாசி மாதம் வேலி கருவேலத்தை வெட்டினோம். உடனே பிளந்துவிட வேண்டும். உருட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை விடாது. பிளந்ததைத் தரையில் போடாமல் இரண்டு பனங்கட்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்று புகுந்து வர அடுக்கினேன். மேலே மட்டும் தகரம். நாலு பக்கமும் திறந்தே இருக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் அது காயாது, அவியும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சின்னம்மா இரண்டு விறகை எடுத்துத் தட்டிப் பார்ப்பாள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் திரும்ப அடுக்கு. வெட்டு முகத்தில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினால் ஈரம் போகவில்லை. என் முறை வேறு. ஒரு விறகில் சாக்பீஸால் எண் போட்டு, ஊருக்குப் போகும்போதெல்லாம் எடை போட்டேன். மாசியில் 3 கிலோ 400. சித்திரை முடிவில் 2 கிலோ 200. ஆனியில் 2 கிலோ 100. ஆடியிலும் 2 கிலோ 100. எடை இறங்குவது நின்றதா, அதுதான் 'டங்'. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வந்தோம். அவளுக்குத் தராசு தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சமரசம் ஏற்படவில்லை. புளி, கருவேலம், சவுக்கு ராஜா விறகு, முருங்கை ஒரு விறகா என்பது அவள் வாதம். காய்ந்த பிறகு எடைக்கு எடை எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான் தருகிறது என்பது விஞ்ஞானம். முருங்கை லேசு, அதனால் ஒரு கட்டு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கருவேலம் கனம், தணலும் நிற்கிறது. "கட்டாத் தூக்கிட்டு வர்றவளுக்குக் கட்டுக் கணக்குதான்டா, எடைக் கணக்கை நீ வச்சுக்க" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

பானை விஷயமும் உண்டு. குமிழுக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே பானை உட்காரும் சந்து, ஒரு கட்டை விரல் அகலம். அதைவிட உயர்ந்தால் காற்று சூட்டைத் திருடிக்கொண்டு போகும். தாழ்ந்தால் போக இடமில்லாமல் புகை வாய் வழியே திரும்பும். பானைக்கு மூடி கட்டாயம். அரிசி அரை மணி ஊற வேண்டும். ஏற்றுவதற்கு முன் பானை அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால், கரி தேய்க்கக் கை வலிக்காது. முக்கியமாக, கொதி வந்த நிமிஷம் விறகை வெளியே இழுக்க வேண்டும். "கொதிச்ச தண்ணிய இன்னும் எவ்வளவு கொதிக்க வைப்பே?" காஸ் அடுப்பில் நாம் 'சிம்'மில் வைக்கிறோமே, விறகடுப்புக்கு சிம் நம் கைதான். இழுத்த கொள்ளியை மணலில் செருகி அணைத்தால் மறுநாளைக்கு அருமையான எரிபொருள். பாதி கரியாகியிருப்பதால் சட்டென்று பற்றும்.

ஆடி மாதக் கடைசியில் மறுபடி பரீட்சை. அதே பானை, அதே பத்து லிட்டர். விறகு 900 கிராம். நேரம் இருபத்தெட்டு நிமிஷம். இருபத்திரண்டு சதவீதம்! அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து பரிசோதித்தாள். பற்ற வைத்த ஐந்து நிமிஷமும் புது விறகு தள்ளும்போதும் கொஞ்சம் புகை. மற்றபடி கொட்டகை மேலே கானல் மாதிரி சூடு மட்டும் அலைந்தது.

இப்போது ஆபீஸ் நண்பர்களுக்காக ஒரு லாப நஷ்டக் கணக்கு. ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ காஸ். கிலோவுக்கு நாற்பத்தாறு மெகாஜூல். புது காஸ் அடுப்பு 68 சதவீதமாவது தர வேண்டும் என்பது ஐ.எஸ்.ஐ. விதி. எங்கள் வீட்டுப் பழைய அடுப்புக்கு அறுபது போடுவோம். இதே வேலையை என் ஆடி மாத அடுப்பில் செய்ய சுமார் 120 கிலோ விறகு ஆகும். முதல் நாள் பாணியில் செய்தால் 320 கிலோவுக்கு மேல்! எங்கள் ஊர் விறகுக் கடையில் கிலோ எட்டு ரூபாய் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏற்றிய பிறகு சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. விறகோ, கெட்டிக்காரத்தனமாக எரித்தால் 960. முட்டாள்தனமாக எரித்தால் 2,500-க்கு மேல். அதாவது, காசு கொடுத்து விறகு வாங்குகிற வீட்டில் காஸ்தான் மலிவு. தோப்பும் வேலியும் இருக்கிற வீட்டில் மட்டும்தான் அம்மா கட்சி ஜெயிக்கும்.

அந்த 'சும்மா வர்ற விறகு' கணக்கில் ஒரு வரியை எல்லாரும் விட்டுவிடுகிறோம். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கிற பெண்கள் மேலேயே கருவியை மாட்டி, அவர்கள் இழுக்கிற புகையை அளந்து பார்த்தார். நகரத்துப் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த உலகம் அப்புறம்தான் சமையலறைப் பக்கம் திரும்பியது. வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புகளின் புகையால் 2020-ல் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டில் இந்தக் கவலை அதற்கும் முந்தியது. 1953-லேயே ஹைதராபாத் எஞ்சினீயர் எஸ்.பி.ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய புத்தகம் நம் சென்னையில்தான் அச்சானது. 1980-களிலிருந்து 2002 வரை மத்திய அரசு திட்டம் போட்டு மூன்று கோடிக்கும் மேல் 'புகையில்லா அடுப்பு' கட்டிக் கொடுத்தது. எங்கள் தெருவுக்கும் இரண்டு வந்தன. குழாய் அடைத்துக்கொண்டதும் ஒன்றில் கோழி அடைகாத்தது.

இதற்கிடையில் நாம் என்ன செய்கிறோம்? ஈ.சி.ஆர். ரோட்டில் 'விறகடுப்புச் சமையல்' என்று போர்டு பார்த்தால் காரை நிறுத்தி, கூட நாற்பது ரூபாய் கொடுத்துச் சாப்பிடுகிறோம். 'அந்தப் புகை வாசனையே தனி மச்சி!' என்கிறோம். பின்கட்டில் யார் ஊதுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

ஆவணியில் மறுபடி டாக்டர், மறுபடி குழாய். காகிதத்தில் பெரிய மாற்றம் இல்லை. "போனது வராது, தம்பி. இனிமே போறதைத்தான் நிறுத்தலாம்" என்றார். என் கம்பி அடுப்பின் பெருமைகளை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது. ஆனா எவ்வளவு நல்லா எரிச்சாலும் வெறகு வெறகுதான். அம்மா அதுகிட்ட எவ்வளவு கம்மியா உக்கார்றாங்களோ அவ்வளவு நல்லது" என்றார். புருவம் பொசுங்கியதை அவரிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள்.

ராத்திரி இருமல் மட்டும் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது விடிகாலை வரை தூங்குகிறாள் என்று சின்னம்மா ரிப்போர்ட் கொடுத்தாள். ஊதுகுழல் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. அணில் விரட்டப் பயன்படுகிறதாம்.

கார்த்திகையில் ஒரு நாள் நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் வந்தது. அம்மா. குரலில் கோபம்.

"டேய், சிலிண்டர் தீந்து போச்சு. மூணு மாசம்கூட வரலே. எட்டு மாசம் வர்ற சிலிண்டர்! எடை கம்மியாப் போட்டு ஏமாத்திட்டான் போலிருக்கு. நீதான் தராசு வச்சிருக்கியே, அடுத்த தடவை வந்து நிறுத்துப் பாரு."

"சரிம்மா" என்றேன். பஸ் வந்தது, ஏறவில்லை. முதலில் சிலிண்டர் புக் பண்ணினேன்.